பானெட்டில் வைத்த காந்தம்

அரியலூர் பஸ்ஸில் இடம் காலியாகத்தான் இருந்தது. அய்யம்பெருமாள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடியில் முடிந்திருந்த காந்தம் இடுப்பைக் குத்தியது. பெரம்பலூரில் மாட்டுக்கு லாடம் கட்டுகிற மதுரைவீரனிடம் இரவல் வாங்கியது. மண்ணில் சிந்தின ஆணியைப் பொறுக்க அவன் வைத்திருப்பது. கைக்கடக்கமான சாமான்தான், ஆனால் லாடத்தையே தூக்கும்.

"உக்காருங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க" என்றான் மகன் உத்திராபதி.

"பாக்கட்டும். கெணத்தோட காட்டக் குடுத்துட்டு காரு வாங்குற கூமுட்டைங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கட்டும்."

குன்னத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் கரிசல். சுற்றுவட்டாரமே வானம் பார்த்த பூமி. இந்தக் காட்டுக் கிணறு மட்டும் சித்திரையிலும் வற்றாது. அய்யம்பெருமாளின் அப்பன் அதே காட்டில் கூலிக்குக் களை வெட்டினவர். இவர் மாட்டுத் தரகு பார்த்து, வயிற்றைக் கட்டி, அதை வாங்கினார். பக்கத்துக் காடு அரியலூர் பழனிவேலுடையது. பழனிவேலுக்கு அந்தக் கிணற்றின் மேல் கண். பெரம்பலூரில் வாடகைக் கார் ஓட்டும் உத்திராபதிக்குப் பழனிவேலின் வண்டி மேல் கண். இரண்டே கதவு வைத்த குட்டி வண்டி. பந்தயத்துக்கென்று கம்பெனி நூறே நூறு போட்டதில் ஒன்றாம். அதைச் சோழவரம் ரேஸில் ஓட்டப் போகிறானாம்.

காட்டுக்குக் கார், மாற்றுக்கு மாற்று. கிழவர் முடியவே முடியாது என்றார். மகன் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். கடைசியில் டீக்கடையில் நாலு பேர் முன்னால் வாய் விட்டார். "நூத்துல ஒண்ணுதான்னா கையெழுத்துப் போடுறேன். போலின்னா அதோட இந்தப் பேச்ச விட்டுடணும்."

போலி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நெசமான சரக்கை எவனாவது விற்பானா? கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி, பல்லை ராவி, சாயம் பூசிச் சந்தைக்கு ஓட்டி வந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! அதில் இரண்டொன்றை அவரே விற்றும் கொடுத்திருக்கிறார்.

பழனிவேல் வாசலுக்கே வந்தார். "வாங்க பெரியவரே, வாங்க."

அப்போதே கிழவருக்கு உறைத்தது. பழனிவேலின் அப்பா உயிரோடு இருந்தவரை அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார். பெரியவரே என்று வந்துவிட்டால் சரக்கு மோசம் என்று அர்த்தம்.

வண்டி புளியமரத்தடியில் நின்றது. சிவப்பு. பானெட்டின் மேல் நெடுக இரண்டு வெள்ளைப் பட்டை. உத்திராபதி திருச்சியிலிருந்து வரவழைத்த மெக்கானிக் அரியமுத்து முன்னாடியே வந்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். செருப்புக் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

அய்யம்பெருமாள் வண்டியைச் சுற்றினார். நின்றார். மறுபடியும் சுற்றினார். டயரைக் குளம்பு பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். பட்டையை நகத்தால் சுரண்டப் போனார்.

"பெயிண்டு போயிடும், சுரண்டாதீங்க" என்றார் பழனிவேல்.

"நெசமான பெயிண்டு ஏன் தம்பி போவுது?"

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. அரியமுத்து பாத்துச் சொல்லட்டும்."

"அவரு படுத்துத் தூங்குறாரா பாக்குறாரான்னே தெரியல."

அடியிலிருந்து குரல் வந்தது. "தூங்கல பெருசு. நீங்க மிதிச்சுடாதீங்க."

அதற்குமேல் கிழவரால் பொறுக்க முடியவில்லை. மடியை அவிழ்த்துக் காந்தத்தை எடுத்தார். பானெட்டின் நடுவில் வைத்துக் கையை விட்டார். ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போய் மண்ணில் விழுந்தது. எடுத்து ஓரத்தில் வைத்தார். அங்கேயும் அதே கதை.

"பாருங்கய்யா!" தெருவுக்கே கேட்கக் கத்தினார். "இரும்பே இல்ல! இதையா காருங்குறீங்க? என் காட்டுக்கு இது மாத்தா? டேய் உத்திராபதி, பாருடா உன் ரேஸ் வண்டிய!"

உத்திராபதியின் முகம் செத்துவிட்டது. பழனிவேல் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "ஒருத்தன் தள்ளிவிட்டதுங்க. எனக்கு என்ன தெரியும்…" என்று இழுத்தார்.

அரியமுத்து ஊர்ந்து வெளியே வந்தான். "எங்க பெருசு, அத இங்க குடுங்க."

வாங்கிக் கூரையில் வைத்தான். டக்கென்று ஒட்டியது. பின்பக்கம் வைத்தான். ஒட்டியது. பானெட்டைத் திறந்து, பெயிண்ட் மெலிதாகி வெளுத்த உலோகம் தெரிந்த உள்பக்கத்தில் வைத்தான். விழுந்தது. விழுந்ததைப் பார்த்து அவன் சிரித்தான். எடுத்துக் கிழவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"பட்டைய எவன் வேணா அடிப்பான். அலுமினியத்துல பானெட்டு போட்டது அந்த நூறு வண்டிக்கு மட்டும்தான், எடை கொறையணும்னு. அடியில எல்லாம் சரியா இருக்கு; இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அதையும் பெருசே பாத்துக் குடுத்துட்டாரு. நெசமான வண்டிங்க."

அய்யம்பெருமாளுக்குக் கிணறு, மோட்டார் கொட்டகை, வாய்க்கால் ஓரத்து வெங்காயம் எல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் வந்து போயின. நாலு பேர் முன்னால் சொன்ன சொல். தெருவையே கூட்டிக் காட்டினதும் அவரேதான்.

உத்திராபதி வண்டியைத் தொட்டான்; அழுதுவிடுவான் போலிருந்தது.

பழனிவேல் அப்போதுதான் தன் வண்டியை முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பானெட்டை மெதுவாக மூடினார். மூடின கையை எடுக்கவில்லை. "அப்ப… நெசமாவே நூத்துல ஒண்ணா?"

"ஆமாங்க. இன்னொண்ணு நான் மெட்ராஸ்ல பாத்ததோட சரி."

"ஒண்ணும் அவசரமில்ல பெரியவரே" என்றார் பழனிவேல். "வூட்லயும் ஒரு வார்த்த கேக்கணும். இன்னைக்கு நாளும் அவ்வளவு நல்லா இல்ல."

"என்னங்க இது? போன வாரம் நீங்கதான சாவிய எடுத்து நீட்டுனீங்க!" உத்திராபதி அப்பாவின் பக்கம் திரும்பினான். "அப்பா, பேச்சு மாறுறாரு. கேளுங்கப்பா!"

கேட்பதற்கு அய்யம்பெருமாளுக்கு நாக்குத் துடித்தது. பேச்சு மாறுகிறவனைச் சந்தையில் விட்டதே கிடையாது. துண்டைப் பிடித்து இழுத்துக் கேட்பார். அதோடு இன்னொரு நினைப்பும் குடைந்தது. இவனே விட மாட்டேன் என்கிறான் என்றால் வண்டி காட்டைவிட ஒசத்தியோ? நாம்தான் ஏமாறுகிறோமோ? வாய் திறந்துவிட்டது. திறந்த வாயைக் காந்தம் வைத்திருந்த கையாலேயே பொத்திக்கொண்டு இருமினார்.

"நாளு நல்லா இல்லன்னா நல்லா இல்லதான் தம்பி" என்றார். "எங்களுக்கும் இன்னைக்குக் கரிநாளுதான். வாடா போவலாம்."

திரும்புகிற பஸ்ஸில் உத்திராபதி ஜன்னல் பக்கம் மூஞ்சியை வைத்துக்கொண்டான். குன்னம் வருகிற சமயத்தில், "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றான்.

"கேட்டிருக்கலாம்" என்றார் கிழவர்.

குன்னத்தில் அவர் இறங்கினார். அவன் இறங்கவில்லை. பஸ் போகிறவரை அவன் தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் காட்டுக்கே நடந்தார். கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தார், தண்ணீர் இருந்தது. மோட்டார் கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்த்தார், திறந்து உள்ளே போனார்.

காந்தத்தை எடுத்து மோட்டாரில் வைத்தார். ஒட்டியது. பிடுங்கி, அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தார்.