வராத வாடகை

"வாடகை குடுக்கறேன்னு கவர்மெண்டுக்கு எழுதியிருக்கியோன்னோ? அப்ப எடு வாடகையை!"

கனகலக்ஷ்மி கத்தியது எங்கள் வீட்டுக் குக்கர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. காயாத துணியை எடுக்கிற சாக்கில் காம்பவுண்டு ஓரம் போய் நின்றேன்.

"மெதுவாம்மா! சும்மா ஏன் தெருவைக் கூட்டறே?" என்றான் மகன் கௌரிசங்கர்.

மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த கணபதிராமன் கட்டிவைத்துவிட்டுப் போன வீடு அது. கீழே அவர் மனைவி கனகலக்ஷ்மி, மாடியில் கௌரிசங்கரும் மருமகள் ஸ்நேஹாவும். வரியைக் குறைக்க, மாடிக்கு அம்மாவிடம் மாதாமாதம் வாடகை கொடுப்பதாக ஆபீசில் கணக்குக் காட்டியிருக்கிறான் பிள்ளை. ரசீதில் அம்மா கையெழுத்தையும் அவனே போட்டுக்கொண்டான். எல்லாம் செய்தவன், அம்மாவுக்கும் தனக்கும் ஒரே ஆடிட்டர் என்பதை மறந்துவிட்டான். கனகலக்ஷ்மி தன் கணக்கைக் கொடுக்கப் போனபோது, "வாடகை வருமானத்தை விட்டுட்டீங்களேம்மா" என்றார் அவர். பஸ்ஸில் திரும்பும்போது அவள் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு வந்தாள். துணைக்குப் போன எனக்குத்தான் தெரியும், எவ்வளவு கிளறியும் ஒன்றும் தேறவில்லை.

"வராத வாடகைக்கு நான் வரி கட்டணும். இல்லேன்னா என் பிள்ளை பொய்யன்னு எழுதிக் குடுக்கணும். எதைடா பண்ணட்டும்?"

"சம்பளக்காரனை மட்டும் ஏம்மா பிழியறா? மூலையில பானிபூரி விக்கறவன் என்னைவிட சம்பாதிக்கறான். அவன் எந்த ஃபாரத்தை ரொப்பறான்? பெட்ரோல்ல பிடிக்கறா, சோப்புல பிடிக்கறா. தனி ஆளுக்கு வரியே இருக்கக் கூடாது!"

"கூடாதுன்னா கட்டமாட்டேன்னு நேரா போய்ச் சொல்லு. அதுக்கு என் கையெழுத்து எதுக்கு?"

எடுத்த துண்டையே மறுபடி கொடியில் போட்டேன்.

"அப்பா ஒழுங்கா கட்டினாரே, என்னத்தைக் கண்டார்?"

"படுத்தா தூங்கினார். நான் நேத்து கண்ணை மூடலை."

மாடிப்படியிலிருந்து ஸ்நேஹா, "நிஜமாவே குடுத்துடுங்களேன். வெளியிலயா போறது?" என்றாள்.

"பெத்தவளுக்கு வாடகையா? அசிங்கம்!"

"பெத்தவ பேர்ல பொய் ரசீது போடறது ரொம்ப அழகோ?" என்றாள் கனகலக்ஷ்மி.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. கனகலக்ஷ்மி பாதி மாடிப்படி ஏறுவாள், இறங்குவாள், சும்மா கேட்டைத் திறந்து மூடுவாள். கடைசியில் ஒரு நாள் புடவை மாற்றிக்கொண்டு தனியாகவே ஆடிட்டரிடம் போய், வாடகை என்று ஒரு பைசா வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பிள்ளை கணக்கைத் திருத்தி, வட்டியோடு கட்டும்படி ஆயிற்று.

கோபத்தில் அவன் குவெம்புநகருக்குக் குடிபோனான். அங்கே நிஜமாகவே வாடகை கொடுக்கிறான். ஆனால் வீட்டுக்காரர் ரசீதும் தருவதில்லை, பான் நம்பரும் தருவதில்லை. கேட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்கிறாராம்! இப்போது வாடகையும் போகிறது, வரியும் போகிறது.

மாடிக்கு ஹம்ஸா என்று ஒரு பல் டாக்டர் வந்தாள். வாடகை, ரசீது எல்லாம் சுத்தம். தன் கணக்குக்கும் அதே ஆடிட்டரிடம் போய்வந்துகொண்டிருந்தவள், போன மாதம் அவர் பிள்ளை ஸ்ரீகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள்.

மாடி மறுபடி காலி. ஞாயிற்றுக்கிழமை ஸ்நேஹா வந்து, கேட்டில் தொங்கும் 'வாடகைக்கு' பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கௌரிசங்கர் காரை விட்டு இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை.