ஏழு வருடம் கெடாத பாரை

கிண்ணியாவில் ரபீக்காவின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு பாரை மீன் ஏழு வருடமாகக் கெடாமல் கிடந்தது. அறுபத்து நான்காம் ஆண்டு மார்கழிப் புயலுக்கு முதல் நாள் அவளுடைய புருஷன் ஜெமீல் பிடித்து வந்தது. மீனைக் கொடுத்துவிட்டு, விட்டு வந்த வலையை எடுக்கத் திரும்பப் போனவன் வரவில்லை, தோணியும் வரவில்லை. வந்ததும் சமைக்கலாம் என்று ஐஸில் வைத்தாள். அவள் காக்கா என்று அழைக்கும் அண்ணன் ஸைனுலாப்தீன் தன் வீட்டு வளவுக் கிணற்று நீரில் உறைய வைத்த ஐஸ் அது. தினமும் உருகிய நீரை வடித்துவிட்டுப் புதுக்கட்டி போட்டாள். செவுள் சிவப்பாகவே இருந்தது. கண் குழி விழவில்லை. அழுத்தினால் சதை எழும்பியது. அயலவர் ஒரு மாதம் வேடிக்கை பார்த்தார்கள்; பிறகு தங்கள் மீனையும் அதே பெட்டியில் வைத்தார்கள். அவை பதினொரு நாள் தாங்கி, பிறகு நாறின. புருஷன் மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்க வேண்டிய துக்க காலமான இத்தாவை ரபீக்கா இருக்கவில்லை. காக்கா வருடந்தோறும் வந்து கேட்டார்.

"இன்னும் என்ன புள்ள பார்த்திட்டு இரிக்கிறாய்?"

"மீன் கெடட்டும் காக்கா. இத்தா இரிக்கிறன்."

எழுபத்தொன்றின் கடைசியில், அந்தப் பதினொரு நாளைக் கேள்விப்பட்டு அரச ஆய்வுகூடத்திலிருந்து ஞானசேகரம் போத்தல்களோடு வந்தார். கிணற்று நீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம், இரும்பு அறவே இல்லை என்று கண்டார். கல்சியம் சதையை இறுக்கி வைக்கும், இரும்பு இருந்தால்தான் கொழுப்பு சீக்கிரம் காறும் என்று விளக்கினார். பிறகு பெட்டியைத் திறந்து பாரையைக் காட்டினார்கள். அவர் குந்தியிருந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார், சதையை அழுத்திப் பார்த்தார்.

"தங்கச்சி, பதினொரு நாளுக்கு என்னால விளக்கம் சொல்லலாம். ஏழு வருசத்துக்கு ஏலாது."

"கெடாட்டி ருசியும் அப்பிடியேதானே இரிக்கும் ஐயா?"

"அது வேற. உருகிற தண்ணியோட ருசி கரைஞ்சு போகும். திண்டு பார்த்தால்தான் தெரியும்."

அதுவரை அவள் அதை யோசித்ததில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காக்காவையும், ஊரில் தங்கியிருந்த ஞானசேகரத்தையும் அழைத்து, மீனை முள்ளோடு பாதியாகப் பிளந்தாள். பலகையில் புது இரத்தம் ஓடியது. ருசியை எதுவும் மறைக்கக் கூடாதென்று ஒரு பாதியை உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்தாள். ஞானசேகரம் மென்றுவிட்டு, காறல் இல்லை, சதை இறுக்கம் என்று கொப்பியில் எழுதினார். காக்கா முள்ளை ஒதுக்கித் தின்றார். ரபீக்கா முதல் வாயை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"கடல் இல்ல காக்கா," என்றாள். "இது முழுக்க நம்மட கிணறு."

ஜெமீல் கொண்டுவந்த கடல், அவளே தினமும் வடித்து ஊற்றிய நீரோடு வளவு மண்ணுக்குள் போயிருந்தது. கழுவாத கையோடு அழுதாள். பிறகு கோப்பையில் இருந்ததைத் தின்று முடித்தாள். மறுநாள் தொடங்கி இத்தா இருந்தாள், நாலு மாதமும் பத்து நாளும்.

அது முடிந்ததும் காக்காவின் ஐஸில் மீன் அடுக்கித் தம்பலகாமத்துக்கு அனுப்பும் வியாபாரம் தொடங்கினாள். சமைக்காத பாதியை ஞானசேகரம் கொண்டு போயிருந்தார். எண்பத்தொன்றில், பென்சன் எடுக்குமுன், துறையில் படகேறி அவளைப் பார்க்க வந்தார். ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியில் அந்தப் பாதி அப்படியே இருக்கிறதென்றும், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதற்குப் பக்கத்தில் சோற்றுப் பார்சல் வைக்கிறார்களென்றும் சொன்னார்.

"திருப்பிக் கொண்டு வந்து தரட்டோ?"

இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ரபீக்கா நிமிரவில்லை. "எனக்கு எதுக்கு ஐயா? அது அங்கேயே கெடக்கட்டும்." பிறகு, துள்ளிக்கொண்டிருந்த இரண்டு விளைமீனை ஓலைப் பையில் போட்டு அவரிடம் நீட்டினாள். "ஐஸ் வைக்காதீங்க. இண்டைக்கே ஆக்கித் தின்னுங்க."