நேரலையில் ஒரு மன்னிப்பு

ட்ரெவருக்கு மன்னிப்புக் கேட்கவும் கூட்டம் வேண்டும். வீட்டில் மனைவி ஹீதரோடு தனியாக இருக்கும்போது வாயைத் திறந்தால் வசைதான். மாமியார் பிறந்தநாள், நண்பர் கல்யாணம் என்று நாலு பேர் கூடிவிட்டால் போதும், முழங்காலிட்டுக் கண்ணைக் கசக்குவான். அத்தனை பேர் முன்னால் ஹீதர் எப்படி மாட்டேன் என்பாள்? இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பெட்டியை இறக்கிவைத்தவள்.

மான்செஸ்டரில் எடுக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரிலும் இருவரும் புருஷன் பெண்டாட்டிதான், ராயும் ஜூனுமாக. ஜனங்களுக்கு அதில் ஒரே பெருமை. இன்றைக்குத் தொடரின் வெள்ளிவிழா. பதிவு கிடையாது, நேரலை. ஓடிப்போன ராய் கடைசிக் காட்சியில் திரும்பி வருவான், ஜூன் மன்னித்துக் கட்டிக்கொள்வாள். அதைச் சொதப்பினால் ஹீதருக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது என்று தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

சால்ஃபோர்டில் தனியாக ஃபிளாட் எடுத்துவிட்டதைக் காலையிலேயே ட்ரெவரிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் போக மனசு வரவில்லையாம், பைத்தியக்காரி. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. கதவைத் தட்டினான், திறந்தாள். எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு அவன் முழங்காலிட்டான்.

"சால்ஃபோர்டுல வீடு பாத்துட்டியாமே, ஜூன். போகாத. நான் செத்துருவேன். இங்கயே இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

பாவி! நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. படப்பிடிப்பைக் கவனிக்கும் மோயிரா கேமராவுக்குப் பின்னாலிருந்து, கட்டிப்பிடி என்று பதறிப்போய்ச் சைகை காட்டினாள். மாட்டேன் என்றால் வேலை போச்சு. சரி என்றால் அதே வீடு, அதே வசை, ஆயுசுக்கும்.

அவனைத் தூக்கி நிறுத்தி, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இருவர் சட்டைக்குள்ளும் இருந்த குட்டி மைக்குகள் நசுங்கின. அப்படிக் கட்டிக்கொண்டால் துணி உரசும் சத்தம்தான் வெளியே போகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டு, காதோரம் சொன்னாள்.

"நான் போறேன், ட்ரெவர். இனிமே நீ யார் முன்னாடி கேட்டாலும் போறேன்."

கேமரா அவன் முகத்தை நெருங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவன் நிஜமாக அழுதது அன்றைக்குத்தான். ஒரு வழியாக ரெண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று நாடு முழுக்க ஜனங்களும் அவனோடு சேர்ந்து அழுதார்கள்.