ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு மன்றாட்டு

பல்லடம் ரோட்டில் இருக்கும் எங்கள் இளைஞர் மையத்தில், கோடை விடுமுறை வந்தால் மாணவர்களுக்கு ஆன்மிக உருவாக்கப் பயிற்சி நடக்கும். ஓய்வுநாள் பற்றிய வகுப்பை சிஸ்டர் ஞானசீலி உருகி உருகி எடுத்தார். "ஞாயித்துக்கிழம ஆண்டவரோட நாள். பூசைக்கு வராம இருக்கறதுக்கு எந்தச் சாக்கும் கிடையாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா விஜயராணிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்டர் அவசரம் என்று ஞாயிறும் ஷிப்ட் போடுவார்கள். வராதவர்கள் திங்களும் வரவேண்டாம் என்பார்கள். அம்மா ஈஸ்டருக்குக்கூடப் பூசை பார்க்கவில்லை. அது சாக்கா?

அந்தக் கம்பெனி முதலாளி அருள்செல்வன் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். ஞாயிறு தவறாமல் பூசையில் முன்வரிசையில் இருப்பார். மையத்துக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. பயிற்சியின் நிறைவுப் பூசைக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர்.

அந்தப் பூசையில் நாங்கள் ஆளுக்கொரு மன்றாட்டு வாசிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சேர்ந்து பதில் சொல்லும். "மனசிலிருந்து எழுதுங்க" என்றார் சிஸ்டர். மனசிலிருந்துதான் எழுதினேன். படித்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"இதெல்லாம் வேண்டாம் கண்ணு. நல்ல மழை பெய்யணும்னு எழுதிக் கொண்டா."

அப்படியானால் மனசை எதற்கு இழுத்தார்?

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். "என் வேலைக்கு உலை வச்சிராதடி" என்று திட்டினாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்து, தாளை மறுபடி வாங்கிப் படித்தாள். கண் கலங்கியிருந்தது.

"படிக்கறதா இருந்தா முனங்காத, வினிதா. சத்தமாப் படி. யாரு மகள்னு கேட்டா என் பேரச் சொல்லு."

மறுநாள் ஞாயிறு. அவள் ஷிப்டுக்குப் போனாள், நான் பூசைக்குப் போனேன். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. என் முறை வந்ததும், அருள்செல்வன் கொடுத்த மைக்கில் நான் எழுதியதையே வாசித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் தாய்மாரைப் பூசைக்கு விடாமல் வேலை வாங்கும் கம்பெனி முதலாளிகள் மனம் மாறவும், அந்த நாளை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

கூட்டம் மொத்தமும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. முன்வரிசையில் அருள்செல்வனும் கணீரென்று சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காது சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தினார்.

"யாரு கண்ணு இத எழுதிக் குடுத்தது?"

"நானே எழுதினதுங்க."

"பூசையில இதெல்லாம் பேசலாமா?"

"நீங்களும்தானுங்க பதில் சொன்னீங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரல் இறங்கியது.

"உங்கம்மா எந்தக் கம்பெனி?"

சிஸ்டர் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார், சொல்லாதே என்று. அந்தக் கையை விலக்கினேன்.

"உங்க கம்பெனிதானுங்க. செக்கிங்ல விஜயராணி. இப்பவும் அங்கதான் நின்னுட்டு இருக்காங்க. இன்னைக்குப் பூசை எப்படி இருந்துச்சுன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."