பாதியில் படுத்த பாட்டு

சவுண்ட் சர்வீஸ் தொழிலில் அவருக்கு இடி என்று பெயர். நெஞ்சில் வந்து மோதுகிற பேஸ் அடிச்சத்தம் இல்லாத பாட்டு அவருக்குப் பாட்டே இல்லை. ஆனால் அக்காவின் விருந்துக்கு ஸ்பீக்கர் பெட்டி கட்ட வேண்டும் என்றதும் அவருக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது.

அக்காவின் கல்யாண வரவேற்பிலும் அவர்தான் சவுண்ட். அப்போது தொழிலுக்குப் புதுசு. "ஒரு பெட்டியைக் கழட்டிருங்க, லைன் தாங்காது" என்று மண்டபத்து எலக்ட்ரீசியன் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவும் மாமாவும் ஆட எழுந்த பாட்டு பாதியிலேயே படுத்துவிட்டது, விளக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அக்கா பாதியில் அணைத்துவிடுவாள். "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுப்பா, என் தம்பியைக் கேளுங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று இருக்கும்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறும் விருந்தில் அதே பாட்டுக்கு ஆடப்போவதாக அவள் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்திருந்தாள்.

இந்தமுறை இடி முன்கூட்டியே வந்து கூடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பக்கச் சுவருக்கு ஒரு கரண்ட் லைன், மொத்தம் இரண்டு. வலப்பக்கத்து லைனில் ஏசி. இடப்பக்கம் சும்மா கிடந்தது; அது சவுண்டுக்கு. தரையில் இரண்டு பெரிய பேஸ் பெட்டி, ஸ்டாண்டின் மேல் இரண்டு சின்னப் பெட்டி. கணக்கு சரியாக இருந்தது.

சாயங்காலம் சமையல்காரம்மா சாப்பாட்டைச் சூடாக வைக்க மூன்று மின்சாரச் சூடேற்றிகளோடு வந்து, இடப்பக்கத்து பிளக்கில் சொருகும்வரை.

பெட்டிகளைச் சோதிக்க அவர் ஒலியை ஏற்றினார். டப். பாட்டு நின்றது, சூடேற்றியும் அணைந்தது.

"ஐயோ, என் சாப்பாடு!" என்றார் சமையல்காரம்மா.

"அம்மா, உங்க சூட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்."

"நிறுத்தலாம் தம்பி. ஆறிப்போன சாப்பாட்டை யார் செஞ்சான்னு கேட்டா உங்க பேரைச் சொல்லட்டுமா?"

அவர் மாமாவைப் பிடித்தார். "ஏசியை அணைச்சிட்டா சவுண்டை அந்தப் பக்கம் மாத்திடலாம் மாமா."

"வர்றவங்கள்ல பாதிப்பேர் டாக்டர் மச்சான். வேர்த்து விழுந்தா அவங்களை யார் பாக்கறது?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. இடி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாப்பாட்டை நிறுத்து, ஏசியை நிறுத்து என்று எல்லோரிடமும் கேட்டாயிற்று. பேஸ் பெட்டியைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. அன்று அந்த எலக்ட்ரீசியனிடமும் இப்படித்தான் நின்றோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பேஸ் பெட்டிகளின் வயரைப் பிடுங்கினார். சின்னப் பெட்டிகளை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, அறையின் இரண்டு மூலைகளில் சுவரை ஒட்டித் தரையில் வைத்தார். மூலையில் வைத்தால் சுவரும் தரையும் சேர்ந்து அடிச்சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம். விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டு, பாட்டைப் போட்டுப் பார்த்தார். இடி இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. சூடேற்றியின் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

விருந்து சூடுபிடித்ததும் அக்கா மாமாவை இழுத்துக்கொண்டு நடுவே வந்தாள். பாட்டு தொடங்கியது. வழக்கமாக அவள் அணைக்கும் இடம் நெருங்கியபோது இடியின் கண் பெட்டிகள் மேல் இல்லை, சுவிட்ச் போர்டின் மேல் இருந்தது. அந்த இடம் தாண்டியது. மாமா தாளம் தப்பி ஆடினார். அக்கா அவர் காலை மிதித்துவிட்டுச் சிரித்தாள். பாட்டு தானாக முடிந்தது.

அக்கா மூச்சு வாங்க அவரிடம் வந்தாள்.

"பெரிய பெட்டி எங்கடா?"

"ஓரமா சும்மா உக்காந்திருக்கு."

"நீயா கழட்டின?"

"நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கடைசியில புல்லாங்குழல் வருது பாரு. நல்லாவே இல்லடா. இதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன்?"

"வேற போடட்டுமா?"

"வேண்டாம், இதையே இன்னொரு தடவை போடு" என்று சொல்லிவிட்டு, சமையல்காரம்மாவின் கையைப் பிடித்து ஆட இழுத்துக்கொண்டு போனாள்.