இரண்டாவது கட்டில்

எலமேர் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. இந்த மலைச்சரிவில் முதலில் கூட்டுப்பண்ணைக் கூலிகளாகவும், பிறகு அரசு நிலத்தின் குத்தகைக்காரர்களாகவும் நாற்பது வருடம் சேர்ந்து திராட்சை வளர்த்தோம். ஒரே கட்டிலில் படுத்தோம். ஹங்கேரியில் ஆட்சி மாறி, ஆணும் ஆணும் உறவைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டமே வந்த பிறகும், அந்த அலுவலகப் படியை மிதிக்கவே மாட்டேன் என்றுவிட்டான்.

"ஆட்சி மாறிச்சு, சரி. நம்ம பேரையெல்லாம் எழுதி வச்சிருந்த போலீஸ்காரன் எங்க போனான், ஆர்பாத்?"

"அவன் செத்தே போயிருப்பான்டா."

"அப்போ அவன் மகன் இருப்பான்."

இப்படியே பேசிப் பேசி இந்த வசந்தத்தில் போய்ச் சேர்ந்தான். அவன் சாம்பல் ஜாடியை அக்ரூட் மரத்தடியில் புதைத்தேன். குத்தகை அவன் பெயரில் இருந்தது. பதிவு செய்த துணை என்றால் தானாக என் கைக்கு வந்திருக்கும். நிலத்துறைக்கு நடையாய் நடந்த பிறகு, ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், சேர்ந்து வாழ்ந்தது உறுதியானால் தருகிறோம் என்றார்கள்.

அக்கம்பக்கம் என்றால் கிசெல்லா அக்கா மட்டும்தான். பழைய காலத்தில் போலீஸ் வண்டி மேடேறினால் அவள்தான் கொடிகளுக்கு நடுவே ஓடி வருவாள். மூட்டை முடிச்சு கிடக்கும் இரண்டாவது கட்டிலைக் காலி செய்து விரிப்பு போடுவாள். யாரோ படுத்தெழுந்த மாதிரி தலையணையில் ஒரு குத்து குத்துவாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அன்று காலை அவளிடம் போனேன். "அதிகாரி வர்றார்க்கா. எங்களைப் பத்திக் கேட்பார்."

"என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாதா? போய் முகத்தைக் கழுவு."

ஒரே கட்டில்தான் என்று சொல்லிவிடு எனக் கேட்க வெட்கம். இந்த வயதில் எனக்கு வெட்கம் ஒரு கேடு! அதிகாரியை அழைத்துவரக் கீழே சாலைக்கு இறங்கிப் போனேன்.

சின்ன வயது, நல்ல பிள்ளை. நான் நீட்டிய சாராயத்தை மரியாதையாக மறுத்துவிட்டு அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். இரண்டாவது கட்டிலில் வெளுத்த விரிப்பு. தலையணையில் ஒரு குழி.

"இங்க யார் படுப்பாங்க?"

"எலமேர், பாவம்," என்றாள் வாசலில் நின்ற கிசெல்லா அக்கா. "அதோ அந்தக் கட்டில் ஆர்பாத்தோடது. கூடப் பிறந்தவங்க மாதிரி சார் ரெண்டு பேரும். ஒரு தப்புத்தண்டா கிடையாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

"இல்ல சார்! அவன் என்னோடதான் படுத்தான். நாற்பது வருஷமா!" வாழ்க்கையில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"துக்கத்துல உளர்றான் சார். விட்டுடுங்க."

"அக்கா, உண்மையைச் சொல்லுக்கா. இப்போ பயமில்லக்கா."

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நிலம்னதும் எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, ஐயா. உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு சாட்சி. அவங்களே இல்லைங்கிறாங்க. அறுவடை முடிஞ்சதும் காலி பண்ணிடுங்க."

கார் வளைவில் மறையும்வரை கிசெல்லா அக்கா அசையவில்லை. பிறகு என் கையைப் பிடித்தாள்.

"போயிட்டான்டா. எலமேர் பேரைக் காப்பாத்திட்டேன்."

அவளை என்ன சொல்வது? "நன்றிக்கா," என்றேன்.

அவள் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எலமேர் இருக்கும் அக்ரூட் மரத்தடிக்குப் போனேன்.