அரைப்பேர்

பெயர் கூப்பிடும்போது முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வரவில்லை. நடுவில் கெமராவை மூடினால் அரை வரவு. இணையவழி வகுப்புகளுக்குப் பல்கலைக்கழகம் போட்ட சட்டம் அது. இலங்கை மலையகத்துக் கொட்டகலையில், தன் வீட்டு மேசையிலிருந்து விரிவுரையாளர் மதுரன் மூன்றாவது தடவையாக "லோஜினி" என்று மாணவியைக் கூப்பிட்டான். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தருகே, போனைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நிற்பாள். அங்கேதான் சிக்னல். கெமராவைத் திறந்தால் இணைப்பே அறுந்துவிடும். இன்று கடைசி வகுப்பு. இந்த வரவும் போனால் அவள் பரீட்சை எழுத முடியாது.

"இருக்கேன் சேர்! இங்கதான் இருக்கேன்!"

"கொரல் கணக்கில்லையேம்மா." சொல்லும்போதே வாய் கசந்தது.

ஹட்டன் தோட்டத்துக் கிஷாந்த் குறுக்கே விழுந்தான். "சேர், எங்க எல்லார் மூஞ்சியும் அவ போன்லதான் ஏறி ஒக்காந்திருக்கு. நாங்க மூடிட்டா பாரம் கொறையும்."

"மூடினா ஒங்களுக்கு அரை வரவுதான்."

"அரைப்பேருதானே சேர்? எங்கம்மா வாங்காத அரைப்பேரா!"

மதுரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்து குறைந்த நாளில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை போடும் அரைநாள் சம்பளம்தான் அரைப்பேர். மதுரனுடைய அம்மாவும் வாங்கியிருக்கிறாள். மனைவி ரோகினி இறந்தபின் இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. சத்தம் தன்னுடையதுதானா என்று ஒரு கணம் தயங்கினான்.

"என்ன பேரெண்டு எனக்கு விளங்கேல்ல சேர்," என்றான் யாழ்ப்பாணத்துக் கோபிசங்கர். "ஆனா நான் கெமராவைப் பூட்டிட்டன்."

முகங்கள் மளமளவென்று அணைந்தன. "யார்ரா இன்னும் அழகு காட்டிட்டு இருக்கிறது? மூடுடா!" கிஷாந்த் கத்தினான். "சேர், இப்ப நீங்க மட்டுந்தான்!"

விரிவுரையாளரின் முகமும் தெரிய வேண்டும் என்று அதே சட்டத்தில் இருந்தது. மதுரன் தன் கெமராவை மூடினான்.

"லோஜினி, தொறங்க!"

வெறும் பெயர்கள் நின்ற இருட்டில் ஒரு கட்டம் வெளுத்தது. முதலில் பச்சை. பிறகு இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்களின் வரிசை. மழை. போன் நனையாமல் மேலே கவிழ்த்துப் பிடித்த கொழுந்துக் கூடை.

"வந்துருச்சா? சட்டுன்னு கூப்புடுங்கய்யா, கை கடுக்குது!" கூடையைப் பிடித்திருந்த அவளுடைய அம்மா அம்மாக்கண்ணுவின் குரல்.

மதுரன் எழுந்து நின்று, விடியலில் வேலையாட்களைப் பேர் சொல்லிக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூப்பிடுவதுபோல், அடிவயிற்றிலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டான். கூடைக்குக் கீழே கலங்கிக் கிடந்த முகம் தெளியத் தொடங்கியது. முதலில் ஈர நெற்றி. அப்புறம் ஒரு கண்.